‘ஐடியா’வின் பூர்வீகம்

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர் போன் செய்தபோது, “டிரான்ஸ்ஃபார்மர் பத்தி எழுதட்டுமா?” என்றேன். “ஐயோ, அதெல்லாம் வேண்டாம்ப்பா. வேற ஏதாவது நல்ல ஐடியா சொல்லு” என்றார். சரி, அந்த ஐடியாவைப் பற்றியே எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மின்பொறியாளனுக்கும் சொல்லாராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: நான் குடியிருந்த தெரு அப்படி.

கல்லூரி நாட்களில் நாங்கள் நாலு பேர் ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும், கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் அங்கே காதில் விழுகிற பேச்சில் பாதி ஆங்கிலம். ஜெர்மன்காரர் பேசும் ஆங்கிலம், இத்தாலிக்காரர் பேசும் ஆங்கிலம், ஆட்டோக்காரர் பேசும் ஆங்கிலம் என்று பல ரகம். (எனக்குச் சுலபமாகப் புரிந்தது மூன்றாவதுதான்.) டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ‘மைண்ட்’, ‘தாட்’, ‘ஈகோ’, ‘கான்செப்ட்’ என்று பெரிய பெரிய வார்த்தைகளாக வந்து விழும். காலையில் கல்லூரிக்குப் போனால் அங்கேயும் அதே வார்த்தைகள். “கான்செப்ட்டைப் புரிஞ்சுக்கோ, தியரி தானா வரும்” என்பார் எங்கள் பேராசிரியர். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஓம் விதி எனக்கு நன்றாகவே தெரியும்; கான்செப்ட் என்றால் என்ன என்றுதான் தெரியாது. அகராதியைப் புரட்டினேன். ‘ஐடியா’வுக்குக் கருத்து, எண்ணம் என்று போட்டிருந்தது. ‘கான்செப்ட்’டுக்கும் கருத்து, எண்ணம். ‘நோஷன்’ என்று பார்த்தால் எண்ணம், கருத்து! மூன்று குழம்புக்கும் ஒரே கரண்டி.

அப்போது பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. ஒரு சொல்லின் பொருள் அகராதியில் பிடிபடாவிட்டால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் போய்விடுவேன். பூர்வீகம் தெரிந்தால் இந்த வார்த்தைகளின் பயம் போய்விடுகிறது. உள்ளே பார்த்தால் கண், கை, கூழாங்கல், மாடு என்று நமக்குத் தெரிந்த சாமான்கள்தான் இருக்கின்றன.

‘ஐடியா’விலேயே ஆரம்பிப்போம். இது கிரேக்கச் சொல். ‘இடெய்ன்’ என்றால் அந்த மொழியில் பார்த்தல். ‘ஐடியா’ என்றால் முதலில் தோற்றம், வடிவம், கண்ணுக்குத் தெரியும் சாயல், அவ்வளவுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ இதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். கண்ணால் பார்க்கவே முடியாத, புத்தியால் மட்டும் அறியக்கூடிய மூல வடிவத்துக்கு, பார்வையைக் குறிக்கும் இந்தச் சொல்லை வைத்தார். ஊரில் இருக்கும் குதிரைகள் எல்லாம் நகல். ‘குதிரை’ என்கிற மூல வடிவம் ஒன்றே அசல் என்பது அவர் கட்சி. ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் இந்தச் சொல் அந்தக் கனத்தோடுதான் வந்தது. 1689இன் கடைசியில் வெளிவந்த தம் பெரிய நூலில் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர், மனிதன் சிந்திக்கும்போது அவன் அறிவுக்கு முன்னால் நிற்பது எதுவானாலும் அது ஐடியா என்று பொருளை அகலமாக்கினார். இந்தச் சொல்லை அடிக்கடி போடுவதற்காக வாசகரிடம் அவர் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அங்கிருந்து நம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்து சேர மூன்று நூற்றாண்டு.

‘இடெய்ன்’ பிறந்த அதே வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘வித்’ வந்தது. வேதம், வித்தை, வித்வான் எல்லாம் அதன் பிள்ளைகள். லத்தீனில் அதுவே ‘விடெரே’, பார்த்தல். அதிலிருந்து ‘விஷன்’, ‘வீடியோ’. ஆங்கிலத்தின் ‘வைஸ்’, ‘விஸ்டம்’ கூட இதே குடும்பம். ஆக வேதமும் வீடியோவும் பங்காளிகள்! பழைய கிரேக்கத்தில் ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு இருந்த ஒரு வினைவடிவம், இலக்கணப்படி பார்த்தால் ‘பார்த்திருக்கிறேன்’ என்பதுதான். நாமும் இதைத்தானே செய்கிறோம்? ‘எனக்குத் தெரியும்’ என்றால் அறிவேன் என்றும் ஆகும்; ‘இங்கிருந்து மலை தெரியும்’ என்றால் கண்ணுக்குப் படும் என்றும் ஆகும். டிஸ்கவரிக்கு நம்முடைய சொல் ‘கண்டுபிடி’. கண்டு, பிடி. கண்ணும் கையும் சேர்ந்த சொல். ஆங்கிலத்தில் ‘டிஸ்கவர்’ என்றால் வெறுமனே மூடியைத் திற என்றுதான் பொருள். நம்முடையது ஒரு படி மேல் என்பேன்.

விளக்கு, விளக்கம், விளங்குதல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ‘விளங்கு’ என்றால் ஒளிர்வது. “விளங்குச்சா?” என்று நம் வாத்தியார் கேட்டபோது, உள்ளே விளக்கு எரிந்ததா என்றுதான் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘எலூசிடேட்’, ‘இல்லஸ்ட்ரேட்’ இரண்டின் உள்ளேயும் லத்தீன் வெளிச்சம்தான் இருக்கிறது.

‘தியரி’யின் கதை திருவண்ணாமலைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கம். கிரேக்கத்தில் ‘தியோரோஸ்’ என்பவர் ஓர் ஊர் சார்பாக வேறோர் ஊரின் திருவிழாவுக்கு அனுப்பப்படும் தூதர். அவர் அங்கே போய்ச் சடங்குகளையும் விளையாட்டுகளையும் பார்ப்பார். அந்தப் பயணத்துக்கும் பார்வைக்கும் ‘தியோரியா’ என்று பெயர். ‘தியேட்டர்’ என்பதும் பார்க்கும் இடம் என்ற பொருளில் இதற்கு உறவு. கார்த்திகை தீபத்துக்கு ஊர் ஊராக வந்து, மலை உச்சியில் தீபம் தெரியும் நேரத்துக்காக நிமிர்ந்து நிற்கிற ஜனங்கள் செய்வதுதான் அசல் தியோரியா. இந்தியத் தத்துவப் பள்ளிகள் ஆறுக்கும் ‘தரிசனம்’ என்று பெயர் வைத்தார்கள். கோயிலில் நாம் செய்வதும் தரிசனம். இரண்டு நாகரிகமும் தத்துவத்துக்குப் ‘பார்வை’ என்றே பெயர் வைத்திருக்கிறது. நாம் பாடப்புத்தகத்துக்காக ‘தியரி’யைத் தமிழாக்கியபோது ‘கோட்பாடு’ என்று வைத்தோம். இது ‘கொள்’ என்ற வினையிலிருந்து வருவது. அதாவது கையில் கொள்வது, பிடிப்பது. கண் இருந்த இடத்தில் கை வந்துவிட்டது. தப்பில்லை. ஆனால் சைட்டில் எங்கள் ஃபோர்மேன் “தியரியா பேசாதீங்க சார், இங்க வந்து பாருங்க” என்று சொல்லும்போதெல்லாம், ஐயா, தியரி என்றாலே வந்து பார்ப்பதுதான் என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை. அவர் என்னைவிட இருபது வருஷம் சீனியர்.

பார்வைக் குடும்பத்தை விடுமுன் இன்னும் ஒரு சொல். ‘கான்டெம்ப்ளேட்’. ஆசிரமத்து ஆங்கிலப் புத்தகங்களில் அடிக்கடி கண்ணில் படுவது. இதற்குள் ‘டெம்பிள்’ ஒளிந்திருக்கிறது. ரோமாபுரியில் சகுனம் பார்க்கிற பூசாரி, பறவைகளைக் கவனிப்பதற்காக எல்லை குறித்து வைத்த இடத்துக்கு ‘டெம்ப்ளம்’ என்று பெயர். அந்த எல்லைக்குள் கண் வைத்துக் கவனிப்பது ‘கான்டெம்ப்ளேட்’. கோயில் கட்டடம் என்ற பொருளும் அந்த எல்லைக் கோட்டிலிருந்துதான் எழுந்தது.

என்னைப் படாத பாடு படுத்திய ‘கான்செப்ட்’டுக்கு வருவோம். லத்தீனில் ‘கபேரே’ என்றால் கையால் பிடித்தல். அதோடு ‘சேர்த்து’ என்ற பொருள்படும் முன்னொட்டு சேர்ந்தால் ‘கான்சிபேரே’. சேர்த்துப் பிடித்தல், உள்ளே வாங்கிக்கொள்ளுதல். அதிலிருந்தே கருத்தரித்தல் என்ற பொருளும் வந்தது. ஆங்கிலத்தின் ‘கன்சீவ்’ இன்றைக்கும் இரண்டு வேலையும் பார்க்கிறது. டாக்டர் சொன்னால் ஒன்று, புரொபசர் சொன்னால் ஒன்று. ஜெர்மானியரின் ‘பெக்ரிஃப்’ என்ற சொல்லும் பிடி என்ற வினையிலிருந்தே வந்தது. சமஸ்கிருதத்தில் ‘கிரகித்தல்’ என்றால் பிடித்தல். மண்டையில் ஏறாத மாணவனைப் பார்த்து “கிரகிச்சுக்கவே மாட்டேங்கறான்” என்று சொல்கிறோம்.

ஐடியா கண்ணுக்கு முன்னால் தெரிவது. கான்செப்ட் பல விஷயங்களைச் சேர்த்து ஒரு பிடியாகப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வது. பேட்டரி, டைனமோ, இடி மின்னல் மூன்றும் தனித்தனி. மூன்றுக்கும் பொதுவாக ‘மின்னழுத்தம்’ என்று ஒன்றைக் கைக்குள் அடக்கினால் அது கான்செப்ட். இதை முதல் வருஷம் யாராவது ஒரு வரியில் சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி மிச்சம்!

இந்த இடத்தில் இலங்கைத் தமிழருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். நம் பாடநூல்கள் கருத்து, கருத்துரு, கருத்தாக்கம் என்று தடுமாறிக்கொண்டிருக்க, அவர்கள் பாடநூல்களில் ‘எண்ணக்கரு’ என்று வைத்துவிட்டார்கள். எண்ணத்தின் கரு! லத்தீன்காரன் ‘கன்சீவ்’ என்று வைத்த அதே இடத்தில், நம் சொந்தச் சொல்லைக் கொண்டே கால் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் முயற்சிகள் பழையவைதான். 1916இலேயே சேலத்தில் ராஜாஜியும் அவர் நண்பர்களும் தமிழில் விஞ்ஞானச் சொற்களை உண்டாக்குவதற்கென்றே ஒரு சங்கமும் பத்திரிகையும் நடத்தினார்கள். கல்லூரிப் பாடத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

‘எண்ணம்’ என்றதும் பொறியாளனான எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். எண் என்றால் நம்பர். எண்ணு என்றால் கணக்கிடு. எண்ணு என்றாலே நினை என்றும் பொருள். தமிழனுக்குச் சிந்திப்பதும் கணக்குப் போடுவதும் ஒரே வினை. ரோமானியரும் அப்படியே. ‘ரேஷியோ’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கணக்கு என்பது முக்கியமான பொருள். அதிலிருந்து ‘ரேஷனல்’, அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ‘ரீசன்’. நம் வீட்டு ரேஷன் கார்டும் அதே வேர்தான். கணக்காக அளந்து தருவதல்லவா? சமஸ்கிருதத்தில் ‘சங்க்யா’ என்றால் எண். ‘சாங்கியம்’ என்ற தத்துவத்தின் பெயர் அதிலிருந்து. ‘கால்குலஸ்’ என்றால் லத்தீனில் சின்னக் கூழாங்கல். அந்தக் காலத்தில் கணக்குப் பண்ண வைத்துக்கொண்டது. இரண்டாம் செமஸ்டரில் கால்குலஸில் அரியர் வைத்த நண்பர்கள் அப்போதே இதைப் பாறாங்கல் என்று சொன்னது நினைவிருக்கலாம்.

எண்ணிக்கை போதாதென்று எடையும் போடுவார்கள். ‘பாண்டர்’ என்றால் ஆழ்ந்து யோசி. மூலப்பொருள் எடை போடு. ‘பென்சிவ்’ என்பதும் எடை போடுவதிலிருந்து வந்ததுதான். அரசு வேலையில் இருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்: ‘பென்ஷன்’ இதற்கு உடன்பிறப்பு, பொன் வெள்ளியை எடை போட்டுச் சம்பளம் கொடுத்த காலத்துச் சொல். நாம் ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோம். அதுவும் தராசு.

ஆனால் “ஒரு ஐடியா சொல்லு” என்பதை நம் பாட்டி எப்படிச் சொல்வாள்? “ஒரு யோசனை சொல்லுடா” என்பாள். கருத்து, எண்ணம் எல்லாம் அகராதிக்காரர் சொற்கள். ஐடியாவின் இடத்தில் பேச்சில் உட்கார்ந்திருப்பது யோசனைதான். சமஸ்கிருதத்தில் ‘யுஜ்’ என்றால் பூட்டு, இணை. யோகமும் அதிலிருந்துதான், ஆங்கிலத்தில் ‘யோக்’ என்றால் நுகத்தடி. வண்டியில் மாட்டைப் பூட்டுவது யோஜனம். ஒரு தரம் பூட்டி அவிழ்க்கும்வரை போகும் தூரமும் யோஜனம். புராணங்களில் ‘நூறு யோசனை தூரம்’ என்று வருகிறதே, அது. ஒன்றோடொன்றைப் பூட்டித் திட்டம் போடுவதும் அதுவே. லத்தீனிலும் மாடு உண்டு. ‘காஜிடேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தாயான ‘கோகிதாரே’, ஓட்டு என்ற வினையிலிருந்து வந்தது. மாடுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவதைப் போல. சிதறிக் கிடக்கும் நினைவுகளை மந்தை சேர்ப்பது என்ற இந்த உறவைப் புனித அகஸ்டினே, கி.பி. 400ஐ ஒட்டி, எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இவ்வளவு சொன்னவன் ரமணரைப் பற்றிச் சொல்லாமல் போனால் அந்தத் தெருவில் குடியிருந்ததற்கு அர்த்தமில்லை. பக்தி விஷயம் எனக்கு எழுத வராது. நான் சொல்ல வந்தது ஓர் இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தைப் பற்றி. 1896 ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவர் வேங்கடராமனுக்கு வயது 16. பாடத்தை மனப்பாடம் செய்யாததால், பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொல்லித் தண்டனை. நம் பாஷையில் இம்போசிஷன். இரண்டு தடவை எழுதினார். மூன்றாவதை எழுதவில்லை. புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். அண்ணன் கடிந்துகொண்டார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயோடு ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. அந்த மூன்றாவது இம்போசிஷன் பாக்கியாகவே நின்றுவிட்டது.

இது எல்லோரும் அறிந்த கதை. அந்தப் பெயின் யார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அலெக்ஸாண்டர் பெயின், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து நெசவாளி மகன். அங்கேயே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். இலக்கணம் எழுதியது அவருக்குப் பக்கவேலை. முக்கியமான வேலை, மனம் என்றால் என்ன என்று ஆராய்வது. புலன்களையும் அறிவையும் பற்றிய அவருடைய பெரிய நூல் 1855இல் வந்தது. ஒரு ஐடியா இன்னொரு ஐடியாவை எப்படி இழுத்துக்கொண்டு வருகிறது என்பதை நரம்பு மண்டலத்தோடு சேர்த்து விளக்கப் பார்த்தவர். 1876இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் என்ன தெரியுமா? ‘மைண்ட்’! மனம். உலகத் தத்துவப் பத்திரிகைகளில் முன்வரிசையில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மனத்தை ஆராய்ந்தவர் எழுதிய இலக்கணத்தை ஒரு பையன் மூடி வைத்துவிட்டுப் போய், பிறகு வாழ்நாள் முழுக்க மனத்தைப் பற்றியே கேள்வி கேட்டிருக்கிறார். அந்தப் பாடத்தைத் தண்டனையாகக் கொடுக்காமல், இதை எழுதியவர் இப்படிப்பட்டவர் என்று யாராவது சொல்லியிருந்தால்? என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று தடவை எழுதவைப்பதால் ஒரு சொல்லும் உள்ளே போவதில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் விரூபாக்ஷ குகைக்கு வந்தார். கல்லூரியில் தத்துவம் படித்தவர்; தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் உத்தியோகம். அப்போது ரமணர் பேசுவதில்லை. பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டியும் சைகையாலும் விடை சொன்னார். அதுவே 1923இல் ‘நான் யார்?’ என்று அச்சாகிய சிறு நூல். மனம் என்பது நினைவுகளின் கூட்டம், அவற்றுள் முதல் நினைவு ‘நான்’ என்பது, வேறு எண்ணம் எழுந்தால் அது யாருக்கு வந்தது என்று விசாரி. சாரம் இவ்வளவே. கவனியுங்கள், தமிழில் நினைவும் வருகிறது, எண்ணமும் வருகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ‘தாட்’.

எங்கள் சந்தில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “நினைவு என்றால் ஞாபகமா, சிந்தனையா?” என்று கேட்டார். “ரெண்டும்தான்” என்றேன். அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ‘நினைத்துப் பார்த்தேன்’ என்றால் பழசை ஞாபகம் கொண்டேன். ‘வரலாம்னு நினைக்கிறேன்’ என்றால் எண்ணுகிறேன். அப்படியானால் ‘முதல் நினைவு’ என்பது புதிதாக உதிப்பது மட்டுமல்ல, ஏற்கெனவே இருந்த ஒன்று திரும்ப வருவதும் ஆகலாமே என்றார் அவர். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் இன்டெர்னல் டெஸ்ட் வேறு.

பின்னால் தேடிப் பார்த்தபோது தெரிந்தது, ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கிறது. ‘மைண்ட்’ என்ற சொல்லின் பழைய வடிவத்துக்கு ஞாபகம் என்பதே முதன்மைப் பொருள். ‘ரிமைண்ட்’ என்பதில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லத்தீன் ‘மென்ஸ்’, சமஸ்கிருத ‘மனஸ்’, நம் மனம் எல்லாம் ஒரே வேர். ‘திங்க்’கும் ‘தாங்க்’கும் அக்கா தங்கை, நன்றி என்பது முதலில் ஒருவரைப் பற்றிய நல்ல நினைவாகத்தான் இருந்தது.

சொல் மாறினால் பொருள் எவ்வளவு நகரும் என்பதற்கு ஆசிரமத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1935 முதல் 1939 வரை அந்தக் கூடத்தில் நடந்த உரையாடல்களை முனகல வெங்கடராமையா குறித்து வைத்தார். ரமணர் பேசியது பெரும்பாலும் தமிழில், சில சமயம் தெலுங்கு, மலையாளத்தில். குறிப்பு எழுதியதோ ஆங்கிலத்தில். 1955இல் அது ஆங்கிலப் புத்தகமாக வந்தது. அந்த ஆங்கிலத்திலிருந்து பிறகு தமிழுக்கு மொழிபெயர்த்தார்கள்! தமிழில் சொன்னது கடல் தாண்டாமலே ஆங்கிலம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. போன சொற்களே திரும்பினவா என்பது வேறு கேள்வி.

‘விசாரம்’ என்ற சொல்லை எடுங்கள். ஆங்கிலத்தில் ‘என்கொயரி’ என்று போட்டார்கள். நமக்கு விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன், “விசாரப்படாதே” என்றால் கவலைப்படாதே. கன்னடத்திலும் இந்தியிலும் விசாரம் என்றால் சாதாரண எண்ணம், அதாவது ஐடியா. தெலுங்கில் துக்கம். ஒரே கூடத்தில் நாலு மாநிலத்தார் உட்கார்ந்து ‘ஆத்ம விசாரம்’ என்பதைக் கேட்டால், நாலு காதிலும் நாலு மணி அடித்திருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து ‘ஈகோ’. லத்தீனில் ‘ஈகோ’ என்றால் வெறும் ‘நான்’. திட்டும் இல்லை, திமிரும் இல்லை. லத்தீன் இந்த விஷயத்தில் தமிழ் மாதிரி. ‘வந்தேன்’ என்றாலே அதில் நான் இருக்கிறது, தனியாக ‘நான்’ போட்டால் அழுத்தம். ஆங்கிலேயனால் ‘ஐ’ இல்லாமல் வரவே முடியாது. டெக்கார்ட்டின் புகழ்பெற்ற லத்தீன் வாக்கியத்தில், சிந்திப்பதால் இருக்கிறேன் என்று சொல்லும் இடத்தில், ‘ஈகோ’ என்ற சொல்லே கிடையாது, வினைக்குள் ஒளிந்திருக்கிறது. 1923இல் ஃபிராய்ட் ஜெர்மனில் எழுதிய நூலின் தலைப்பிலும் ‘நான்’ என்ற சாதாரணச் சொல்தான். 1927இல் ஆங்கிலமாக்கியபோது அதை லத்தீனில் ‘ஈகோ’ என்று போட்டார்கள். வீட்டுச் சொல் ஆஸ்பத்திரிச் சொல்லாகிவிட்டது. பிறகு அது தெருவுக்கு இறங்கி, கர்வம் என்று ஆனது. நம் ஊரில் இன்று “அவனுக்கு ஈகோ ஜாஸ்தி” என்றால் திமிர் பிடித்தவன்.

அகங்காரமும் இதே வழியில் இறங்கியதுதான். ‘அஹம்’ என்றால் நான். அஹங்காரம் என்றால் ‘நான்’ என்று ஆக்குவது. பேச்சில் அது திமிராகிவிட்டது. அகந்தையும் அப்படியே. ரமணர் 1928இல் எழுதிய ‘உள்ளது நாற்பது’ நூலில் வரும் அகந்தை, ‘நான் இன்னார்’ என்று எழுகிற அந்த முதல் நினைவைக் குறிப்பது. அதைத் தமிழன் படித்தால் கர்வத்தை விடச் சொல்கிறார் என்று எண்ணிக்கொள்கிறான். ஆங்கிலத்தில் ‘ஈகோ’ என்று படிப்பவரும் அதையே எண்ணிக்கொள்கிறார். இரண்டு மொழிக்காரரும் தனித்தனிப் பாதையில் நடந்து ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். பணிவாக இருக்கிறவனுக்கும் ‘நான்’ உண்டு என்பது இரண்டு பேருக்கும் தட்டுப்படுவதில்லை.

மதுரையில் வைத்துவிட்டுப் போன அந்தச் சீட்டு தமிழில் எழுதப்பட்டது. முதல் வாக்கியம் ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்தில் அந்த ‘நான்’, ‘இது’ ஆகிவிடுகிறது. கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். அதன் அடியில், அண்ணனின் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று ஒரு குறிப்பு. இங்கே ‘நான்’ என்பதை ஈகோ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், எவ்வளவு அபத்தமாக இருக்கிறது!

தம்பி தங்கைகளே, தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் வருஷம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் சொல்கிறேன்: வகுப்பில் அடுத்த தடவை பெரிதாக ஒரு வார்த்தை வந்தால் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு போய், நம் நூலகத்தின் பெரிய ஆங்கில அகராதியில் கடைசி வரி வரை பாருங்கள், சதுர அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் பூர்வீகம் இருக்கும். முன்னாள் நண்பர்களுக்கு ஒரு வேலை. நான் வட ஆற்காட்டுக்காரன். எனக்குத் தெரிந்தது யோசனை, ரோசனை, நெனப்பு. கொங்கு நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் ‘ஐடியா’ வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன சொல் புழங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அடுத்த மலருக்குள் சங்க முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை அதற்குள் தயாராகிவிடும் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.